எங்கே திணறுகிறது

அண்ணன் அட்டைப்பெட்டியைக் கிழிக்கும்போதே அவள் கண் மேசைப் பக்கம் போனது.

உள்ளே புத்தம் புதிய மடிக்கணினி. ரொட்டிக் கடை அடுப்பின் முன் இரட்டை ஷிப்ட் நின்று அவன் வாங்கியது.

பழைய கணினியைக் காணோம். அதன் ஒயர் மட்டும் மேசைக்காலில் சுற்றிக் கிடந்தது.

“டெவலப்பரம்மா, இனிமே இதுல தட்டு. அந்த ஓட்டப் பெட்டிய பழைய சாமான் கடையில போட்டுட்டேன். கடைக்காரன் என் கண்ணு முன்னாடியே கழட்டிப் போட்டுட்டான்.”

போன வாரம் வரை இதே அண்ணன்தான், சம்பளமில்லாத உத்தியோகத்துக்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று வீடு முழுக்கக் கேட்கும்படி நக்கலடித்தவன்.

அவளுக்கு நிரல் எழுதத் தெரியாது. பழைய கணினிகளை வைத்துக்கொண்டு அல்லாடும் பள்ளிகளுக்காக, முகம் தெரியாத சிலர் சேர்ந்து இலவசமாக ஒரு மென்பொருள் எழுதுகிறார்கள். நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். ஒவ்வொரு புதுப் பதிப்பும் முதலில் ஓடுவது அவளுடைய கிழட்டுக் கணினியில்தான். எந்தப் பொத்தானில் திணறுகிறது, எங்கே உயிரை விடுகிறது என்று அவள் எழுதி அனுப்புவாள். அவர்கள் சரிசெய்வார்கள். குழுவில் வேறு யாரிடமும் அத்தனை மோசமான கணினி கிடையாது.

இதெல்லாம் ஒரு வேலையா என்ற கூச்சம் அவளுக்கு எப்போதும் உண்டு.

போன வாரம் குழுத் தலைவி எழுதியிருந்தாள்: நீங்களும் எங்களில் ஒரு டெவலப்பர்தான், அதில் என்ன சந்தேகம்?

அதை அண்ணனிடம் வாசித்துக் காட்டியதுதான் அவள் செய்த தப்பு.

புதுக் கணினி கண் சிமிட்டுவதற்குள் விழித்துக்கொண்டது. அடுத்த பதிப்பு வந்து காத்திருந்தது. ஓட்டிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு பொத்தான்கூட முனகவில்லை.

எங்கே திணறுகிறது என்று தலைவி கேட்டிருந்தாள்.

என் கணினி மாறிவிட்டது என்று தட்டினாள். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதை அனுப்பிவிட்டால், அப்புறம் அவளிடம் கேட்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

அழித்தாள்.

எங்கேயும் இல்லை என்று எழுதி அனுப்பினாள். பொய் இல்லை.

பதில் உடனே வந்தது. உங்களுடையதில் ஓடிவிட்டால் எந்தப் பள்ளியிலும் ஓடிவிடும். இன்றே எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறோம்.

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த அண்ணன், அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தான்.

“பாத்தியா? நல்ல மிஷின் குடுத்தா எப்படி வேல பாக்குற.”