இடது ஜன்னல்

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து இன்னும் நான்கு தேய் தேய்த்தாள்.

கிரீம் நிறம் கரைந்து வழிந்தது. அடியில் கறுப்பு.

அழுக்காக இருக்கும் என்று துணியால் துடைத்தாள். அழுக்கில்லை. பெயின்ட்.

நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு பழைய காரைப் பிரித்துப் பூட்டப் போகிறாள். அப்பாவின் அம்பாசடர். பதினோரு வருடமாக அயனாவரம் வீட்டுக் காம்பவுண்டுக்குள் செங்கல் மேல் நிற்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடுகிறாய் என்றார் கணவர். ஆழம் பார்க்கத்தான் ஆறு வாரமாக நோட்டுப் போட்டு எழுதுகிறாள். எதை முதலில் கழற்றுவது, எந்தத் திருகாணி எந்த ஐஸ்கிரீம் டப்பாவில். பிரேக்குக்கு மட்டும் மூன்று பக்கம்.

டிங்கர் எத்திராஜ் நோட்டைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"எல்லாம் கரெக்டா கீது மேடம். ஒரிஜினல் கலர் இன்னான்னு மட்டும் தேச்சுப் பாத்து எழுதி வைங்க. வண்டி மொதமொத எப்பிடி இருந்துச்சோ, அப்பிடியே கொண்டாந்துரலாம்."

அதனால்தான் தேய்த்தாள். இடது மட்கார்டில், முன்கண்ணாடியை ஒட்டிய மூலையில் பெயின்ட் ஏற்கனவே உப்பியிருந்தது. அங்கே தேய்த்தால் நஷ்டமில்லை.

இன்னும் தேய்த்தாள். அடைத்திருந்த பட்டி பெயர்ந்து விழுந்தது. இரண்டு ஓட்டைகள். எதையோ வைத்து முடுக்கியிருக்கிறார்கள்.

ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையில் ஓர் உள்ளங்கை அளவு தேய்த்தாள்.

மஞ்சள்.

கறுப்பு உடம்பு, மஞ்சள் தலை. பழைய மெட்ராஸ் டாக்சி. அந்த ஓட்டைகள், ஜன்னலுக்கு வெளியே முடுக்கும் மீட்டருக்கு.

ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஷோரூமில் மாலை போட்டு எடுத்த வண்டி என்பார் அப்பா. தன்னை டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஆபீசர் என்பார். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபிக்கு முன்பே இந்த இரண்டும் கிடைத்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மனிதர் ஒரு முழு டாக்சியையே மறைத்திருக்கிறார், நாற்பத்து நான்கு வருடம்.

நோட்டின் முதல் வரி: ஆர்.சி. புத்தகம். ஆறு வாரமாக அதைத் 'தேடிக்கொண்டிருக்கிறார்'. அவளுடைய மூன்றாம் வகுப்பு ராங்க் கார்டைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருகிற ஆள்.

கோபம் வந்தது. சொன்னால் நான் வெட்கப்படுவேன் என்றா நினைத்தார்?

பதினைந்து வயதில், அவள் படித்த கான்வென்ட் வாசலில் தெரிந்திருந்தால்?

வெட்கப்பட்டிருப்பாள். அதுதான் உறுத்தியது.

பிறகுதான் அந்தக் கை ஞாபகம் வந்தது.

வண்டியைக் கிளப்பும் முன் அப்பா சீட்டில் ஒருக்களித்து இடது ஜன்னல்வரை சாய்வார். கையை வெளியே நீட்டி, மணிக்கட்டை ஒருமுறை கீழே திருப்புவார். ஒருநாளும் தவறியதில்லை. வழித்துணைக்கு முனீஸ்வரனைக் கும்பிடுகிறார் என்று அம்மா சொன்னாள். அம்மாவும் கூட்டு.

அவளும் கார் ஓட்டக் கற்றபோது அப்படியே செய்தாள். இன்றுவரை செய்கிறாள். கல்லூரிக்குப் போகும் மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வாடகைக்கு ஆள் ஏறியதும் மீட்டரின் தகட்டைக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். மீட்டரைக் கழற்றிய பிறகும் அவர் கை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. குடும்பமே அதைச் சாமி என்று கும்பிட்டிருக்கிறது.

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

நிமிர்ந்தாள். வாசற்படியில் அப்பா. கூரையின் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆர்.சி. புத்தகம். அதைப் போலீஸ்காரரிடம் நீட்டுவதுபோல நீட்டினார்.

"உன்னைக் கான்வென்ட்ல சேத்த வாரம் அடிச்ச பெயின்ட்டும்மா."



புத்தகத்தை அவள் வாங்கவில்லை. பின்கதவைத் திறந்தாள். துருப்பிடித்த கீல் ஊரைக் கூட்டியது. அவர் தயங்கித் தயங்கி ஏறி உட்கார்ந்தார். சொந்த வண்டியில் பின்சீட்டு அவருக்கு இதுதான் முதல்தடவை.

அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். பாட்டரி இல்லை. சக்கரமும் இல்லை.

இடது ஜன்னல்வரை சாய்ந்தாள். கையை வெளியே நீட்டி மணிக்கட்டைத் திருப்பினாள்.



பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் அதட்டலாகவே வந்தது.

"அப்படி இல்லம்மா. நல்லா அழுத்தி எறக்கணும். அந்த மீட்டரு லேசுல எறங்காது."

மறுபடி சாய்ந்தாள். அழுத்தி இறக்கினாள்.

பிறகு நோட்டை எடுத்து, ஒரிஜினல் கலர் என்று எழுதி எதிரே காலியாக விட்டிருந்த பக்கத்தைப் பிரித்து, பேனாவோடு பின்னால் நீட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

பேனா தாளில் ஊரும் சத்தம் கேட்டது. கிரீம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரம் ஆயிற்று.

ஒரு கணம் நின்ற பேனா, கிரீமுக்கு இல்லாத இரண்டாவது நிறத்தையும் எழுதத் தொடங்கியது.