பீற்றிஸின் வெள்ளிக்காசு

கல்லடி வாவியில் பட்டுத் தெறிக்கும் பின்னேர வெயில் குசினியின் அடுப்படிச் சுவரில் நடுங்குகிறது. நோபேட் பிஸ்கட் தகரத்தின் மூடியைத் திறக்க, அவித்த முட்டை வாடை எழுகிறது. பிளந்த முட்டைக்குப் பக்கத்தில் ராணித் தலை போட்ட வெள்ளிக்காசு கிடக்கிறது. அவருடைய முதல் மனைவி பீற்றிஸ் சாகும்வரை கழுத்தில் கட்டியிருந்த காசு அது. அவளுடைய வேர்வை பட்டுப் பட்டுக் கறுத்திருந்ததை, இரண்டாந்தாரமாக வந்த றோசம்மா நேற்றுப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். அவித்த முட்டையின் ஆவி பட்டால் வெள்ளி கறுக்கும்; அந்தக் கறுப்பைத் திரும்பக் கொண்டுவரத்தான் இந்த முட்டை. நோபேட் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். மாதாகோயில் பூசையில் சுவாமியார் அப்பத்தைத் தூக்குவதுபோல், விளிம்பில் மட்டும் விரல் வைத்துக் காசைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். தன்னை ஒரு நாளாவது இப்படிப் பார்த்ததுண்டா என்று றோசம்மாவுக்கு வயிறு எரிகிறது.

“அவட நிறம் இன்னும் வரல்ல, புள்ள.”

றோசம்மா தன் கழுத்து வேர்வையை உள்ளங்கையால் வழிக்கிறாள். “அதை எனக்குக் கட்டி விடுங்க. என்ட வேர்வையிலயும் கறுக்கும்தானே?”

நோபேட் அவள் கழுத்தை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு காசைப் பார்க்கிறார். அதை மெல்லத் தகரத்துக்குள் வைத்து, காற்றுப் புகாதபடி மூடியை அமர்த்துகிறார்.

“இன்னொரு முட்டை அவி.”