இலவச இணைப்பு

முதலில் வம்புக்கு வந்தது செல்வராஜ்தான். அப்பாவு இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்லுவார்.

இரண்டு பேரும் ஒன்றாகக் கல்யாணச் சமையல் செய்துகொண்டிருந்தவர்கள். டில்லி ஆர்.கே.புரத்தில் ஒரு பந்தியில், சம்பந்தி வீட்டார் காதுபட, "அப்பாவு வச்ச சாம்பார்ல கை கழுவலாம்" என்று சொல்லிவிட்டான் செல்வராஜ்.

அன்றைக்கே அப்பாவு தன் கரண்டிகளை அள்ளிக்கொண்டு மயூர் விஹாருக்கு வந்து தனியாக அடுப்பு மூட்டினார். அவனாக வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இருந்தார். வருஷங்கள்தான் ஓடின. அவன் வரவில்லை.

போன வருஷம், "நமக்கும் ஒரு வெப்சைட் வேணும் மாமா" என்றாள் மருமகள் வைஷ்ணவி. அதையே தொழிலாகச் செய்யும் பிரதீப் என்பவன் வந்து, எல்லாம் புதிதாக எழுதித் தருகிறேன், இரண்டு வாரம் ஆகும், செலவும் ஆகும் என்றான்.

"அந்தக் காசுக்கு ரெண்டு அண்டா வாங்கிடுவேன் தம்பி" என்று அவனை அனுப்பிவிட்டார் அப்பாவு.

வைஷ்ணவி, வெப்சைட் செய்து தரும் இலவச ஆப் ஒன்றில் ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டாள். ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஒரு பக்கத்தைப் பிடித்து, 'எனக்கும் இதே மாதிரி' என்று அமுக்கினால் போதுமாம். பெயரை மாற்றினாள், படங்களை மாற்றினாள். மாமனாருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. இட்லி பெரிதாகத் தெரிந்தது, அவருக்குத் திருப்தி.

ஆர்டர்கள் வந்து குவிந்தன. கூப்பிட்டவர்கள் எல்லாம் வெப்சைட்டைப் பார்த்தோம் என்றார்கள். எவன் தயவும் இல்லாமல் பிழைத்துக் காட்டிவிட்டேன் என்று அப்பாவு கேட்டவரிடமும் சொன்னார், கேட்காதவரிடமும் சொன்னார்.

நேற்று ஒரு வளைகாப்பு வீட்டில் வசுமதி என்கிற அந்த வீட்டம்மாள் அவரைப் பாராட்டிவிட்டு, "உங்க தம்பியும் போன்ல எவ்வளவு நல்லாப் பேசறார்" என்றாள்.

"எனக்குத் தம்பியே கிடையாதும்மா."

வெப்சைட்டில் இருந்த நம்பர் என்று அவள் தன் போனில் அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

"செல்வராஜ் பேசறேன். சொல்லுங்க."

அப்பாவு போனை அணைத்துத் திருப்பிக் கொடுத்தார். நேராக வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் வைஷ்ணவி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பார்த்து அமுக்கியது செல்வராஜின் பக்கம். அவனுடைய நம்பர் பக்கத்தின் அடியில், அவள் மாற்றாமல் விட்ட ஒரு படத்துக்குள் இருந்திருக்கிறது. "ஜல்தில கவனிக்கலை மாமா" என்றாள்.

"அப்போ எனக்கு வந்த கிராக்கி பூரா அவன் வாசல்லதான் நின்னிருக்கு. ஒண்ணை என் பக்கம் எறிஞ்சிட்டு ஒன்பதை முழுங்கியிருக்கான்."

அப்பாவு செருப்பை மாட்டினார். இன்றைக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை. பயந்துபோய் வைஷ்ணவியும் ஆட்டோவில் கூடவே ஏறிக்கொண்டாள்.

கதவைத் திறந்தது செல்வராஜின் மனைவி கோமளா. அப்பாவு வாயைத் திறப்பதற்குள் உள்ளே போன் அடித்தது.

"ஆமாங்க, அப்பாவு கேட்டரிங்தான்" என்றது செல்வராஜின் குரல். "அவரு அடுப்படியில இருக்காருங்க. அவரோட நேர் நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க. வேற யார்கிட்டயும் போயிடாதீங்க. சாம்பாருக்கு டில்லியில அவரை விட்டா ஆள் கிடையாது."

கோமளா அலுத்துக்கொண்டாள். "தினமும் இதே கூத்துதான் அண்ணே. நமக்கே தொழில் மந்தமா இருக்கு, நாமளே எடுத்துக்கலாம்னு சொன்னா என்கிட்ட சண்டைக்கு வர்றாரு. நீங்களாவது சொல்லுங்க. உள்ளே வாங்க."

அப்பாவு உள்ளே போகவில்லை. வந்த வழியே விறுவிறுவென்று படி இறங்கினார்.

வைஷ்ணவி பின்னாலேயே ஓடிவந்தாள். "இலவசம்னு பக்கத்தை எடுத்தேன், ஆளும் சேர்ந்து வந்துட்டார். வேற ஆளா இருந்தா நம்ம தொழிலே போயிருக்கும் மாமா. இன்னிக்கே நம்பரை மாத்திடறேன்."

"மாத்தாதே."

"ஏன் மாமா?"

"ஊருக்கெல்லாம் சொல்றான், என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னானா? மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்கு. அதைக் கேக்கற வரைக்கும் என் போனை அவனே எடுக்கட்டும்."