சுற்றிப் போகும் தடம்

தணிகாசலம் நிலாவில் வேலை பார்த்தபோது ஒருநாள் வழுக்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். அங்கே காற்றில்லாததால் அந்தக் குழி அப்படியே இருந்தது. அவர் இறந்த பிறகு, மனைவி செண்பகத்துக்கு உலகத்திலும் உலகத்துக்கு வெளியிலும் மிஞ்சியது அந்தப் பின்புறத் தடம் ஒன்றுதான். அதைக் காக்கச் சொல்லி அவள் எழுதிய மனுக்களை அடுக்கினால் நிலாவுக்கே ஏணி போட்டிருக்கலாம். எந்த ஒப்பந்தத்திலும் அதற்கு இடமில்லை என்றே பதில் வந்தது. கடைசியில் நிலா முகாமில் சமையல் வேலை வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டாள். ஏழு நாட்டுச் சுரங்க லாரிகள் ஓடும் பாதை அது. நசுங்கிப் போயிருக்கும் என்று அழுவதற்குத் தயாராகத்தான் வந்தாள். கோடு கிழித்ததுபோல் நேராக வந்த சக்கரத் தடங்கள் எல்லாம் குழியருகே வளைந்து, சுற்றிப் போயிருந்தன. அந்தப் பக்கம் வந்த யாழ்ப்பாணத்து ஓட்டுநர் குகதாசனைக் கைகாட்டி நிறுத்தி, தலைக்கவச ரேடியோவில் கேட்டாள்.

“யாருப்பா வளைச்சு ஓட்டச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. முன்னாலை போனவை வளைச்சவை, நாங்களும் வளைக்கிறம்.”

“நேரா ஓட்டினா தண்டனை உண்டா?”

“அப்பிடி ஒண்டுமில்லை. ஆனா ஆரோ விழுந்த இடமெல்லோ. ஏத்தினா பிழை.”

“விழுந்தது யாருன்னு தெரியுமா?”

“தெரியாது அக்கா.”

செண்பகம் குழியை ஒட்டினாற்போல் மெல்ல உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, இரண்டு குழிகளையும் விட்டுத் தள்ளி நின்றாள். அடுத்து வந்த வேற்று நாட்டு லாரி இன்னும் கொஞ்சம் அகலமாக வளைந்து போனது.