வண்டியில் இருக்கும் குரல்

"ஈ... சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் தொண்டைக்குள் இறங்கியிருந்தது. அதன் நுனியில் கேமரா. அது பார்த்ததெல்லாம் திரையில் தெரிந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. புருஷனின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரைக்கட்டு கட்டிக் கட்டி நகக்கண்ணில் பச்சை ஏறிய விரல்கள்.

"இன்னொரு தரம். ஈ..."

டாக்டரம்மா திரையைத் தொட்டுக் காட்டினார். தொண்டைக்குள் இரண்டு வெள்ளைக் குரல்நாண்கள். ஒன்று அசைந்தது. மற்றதன்மேல் என்னவோ பொரிப்பொரியாக அப்பியிருந்தது.

அது அசையவே இல்லை.

குழாயை உருவினார்கள்.

"குரல் எப்பலேருந்து கம்முது?"

அவள்தான் முந்திக்கொண்டாள்.

"குரலுக்கு ஒண்ணும் இல்லீங்கம்மா. முழுங்கினா காதுக்குள்ள குத்துதுன்னுதான் கூட்டியாந்தேன். குரலு கணீர்னு இருக்கே. தெனமும் தெருமுனையில வர்றப்பவே கேக்குது. அரைக்கீரே, சிறுகீரேன்னு."

டாக்டரம்மா அவரைப் பார்த்தார்.

அவர் தரையைப் பார்த்தார்.

"அது ஸ்பீக்கருங்க."

சருகை மிதித்த மாதிரி இருந்தது அந்தப் பேச்சு.

நீங்களும் கேட்டிருப்பீர்கள். இப்போது தள்ளுவண்டிக்குத் தள்ளுவண்டி அது இருக்கிறதே. ஒரு தரம் பேசிப் பதிந்துவிட்டால் நாளெல்லாம் அதுவே கூவும். ஊரோடு ஒத்து அவரும் வாங்கினார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கம்ம ஆரம்பிச்சப்பதான் வாங்கினேன். ஆடி மாசம். சுக்குத்தண்ணி குடிச்சு, தொண்டை தெறந்த ஒரு காலையில பதிஞ்சுட்டேன். ஓய்வு குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்."

இப்போது பங்குனி.

வீட்டில் அவர் எப்போதுமே பேச்சுக் குறைவு. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டுவார். கொஞ்ச காலமாக எல்லாவற்றுக்கும் தட்டினார். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"மூணு வாரத்துக்கு மேல குரல் கம்மினாலே வந்து காட்டணும்யா. அப்பவே வந்திருந்தா ரேடியேஷன்னு கரண்டு வச்சே சரி பண்ணியிருக்கலாம். சதை எடுத்துப் பாத்துடுவோம். ஆனா குரல்பெட்டியையே எடுக்க வேண்டி வரும்னு தோணுது."

"எடுத்துட்டா?" அவள் கேட்டாள்.

"உயிரைக் காப்பாத்தப் பாக்கிறோம்மா."



வெளியே நீண்ட வராந்தா. அவரை பெஞ்சில் உட்காரவைத்தாள்.

பிறகு நடந்தாள். வீட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் இருக்கிற தூரம். முதுகைக் காட்டி நின்றாள்.

"கூப்பிடுங்க."

பேர் சொல்லி அவர் அவளைக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தா'தான். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவள் பேர்.

யாரோ ஸ்டூலை இழுத்தார்கள். கடைசி அறையில் ஒரு குழந்தை அழுது அடங்கியது.

அவள் நின்றாள்.

காது முழுக்க முதுகுக்கு வந்துவிட்ட மாதிரி நின்றாள்.

பிறகு, "ம்... இதோ வந்துட்டேன்" என்று சொல்லித் திரும்பினாள்.

அவர் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை.