வெப்ராளம்

திரையில் அவள் சொன்ன வரிகள்.

பேர் இல்லை. 'பங்கேற்பாளர் ஏழு' என்று மட்டும் போட்டிருந்தது.

விமானத்துறை, சுற்றுலாத்துறை ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சி. வராவிட்டால் பதவி உயர்வு கிடையாது. வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் புருஷன் பூபதி. அவர் சுற்றுலா, அவள் விமானம்.

பேச வந்த பேராசிரியரைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. நாலு வருடம் முன்பு, விமானப் பணிப்பெண் வேலையை விட்ட கையோடு, ஆய்வுக்காகப் பேட்டி எடுத்த இவரிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினாள். பேர் வெளியே வராதும்மா என்று சத்தியம் பண்ணாத குறை. பாவி, இன்றைக்கு அவள் முகம்கூட அவருக்கு ஞாபகம் இல்லை.

"பேரை எடுத்தாச்சு, ஊரை எடுத்தாச்சு, கம்பெனியை எடுத்தாச்சு" என்றார் மைக்கில். "ஆனா அவங்க பேச்சுல ஒரு எழுத்தைத் தொடலை. அதுவும் நெறிதான்."

தொட்டிருக்கலாம்.

'கல்யாணமான மூணாம் மாசம். பறக்குற வேலை போயிரும்னு வீட்டுக்காரருக்குத் தெரியாம கலைச்சிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் உண்டாகலை. அவரு குறை தன்கிட்டதான்னு நினைச்சு மாத்திரை சாப்பிடுதாரு. பாக்கப் பாக்க ஒரே வெப்ராளமா வருது.'

வெப்ராளம். அவள் ஊர்ப் பக்கத்துச் சொல்; வயிற்றெரிச்சலும் அழுகையும் சேர்ந்து தொண்டைக்கு வருகிற ஒன்று. இந்தக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் அந்தச் சொல்லைச் சொல்கிறவள் அவள் ஒருத்திதான். பஸ் தவறினால் வெப்ராளம். பால் திரிந்தால் வெப்ராளம். மாணவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயரே அதுதான்.

அந்தச் சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பூபதி கண்ணில் முதலில் பட்டதும் அதுதான். முழங்கையால் அவளை இடித்தார்.

"பாரு, உங்க ஊர்க்காரி ஒருத்தி!"

சிரித்தபடியே மேல் வரிக்குப் போனார்.

அதற்கும் மேலே.

ஐயோ, படிக்காதீங்க.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மத்தியானம் போட வேண்டிய மாத்திரை அட்டை அதில்தான் இருந்தது.

"இவங்க யாருன்னு இங்க யாராலயாவது சொல்ல முடியுமா?"

முடியாது என்ற பதிலுக்காகத்தான் பேராசிரியர் கேட்டார். கேட்டுவிட்டு, அடுத்த படத்துக்குப் போகப் பொத்தானில் விரலை வைத்தார்.

பூபதி கையைத் தூக்கினார்.