கழுவாத தக்காளி

சாறு ஆலை விதித்த நிபந்தனை எளிமையானது. ஐந்து குடும்பங்களின் தக்காளியும் ஒரே லாரியில் வரவேண்டும். ஒரு பழத்தில் பூச்சிமருந்து தென்பட்டாலும் ஐவருக்கும் ஒப்பந்தம் முறியும். லாரி புறப்படும் வேளையில், ஐவரில் ஒருத்தியான மாதம்மாள் அதன் முன்னே வந்து நின்று ஓட்டுநரிடம் சொன்னாள்.

"அண்ணா, என் ஆறு பெட்டிய எறக்கிடுங்க. புழுவுக்குப் பயந்து போன வாரம் மருந்தடிச்சுட்டேன்."

மற்ற நால்வரும் அடிக்க வருவார்கள் என்றே அவள் எண்ணினாள். ஆனால் திம்மக்கா லாரியில் ஏறினாள்.

"நவுருடி. நீ மட்டுந்தான் யோக்கியமா? என்னுதும் மருந்தடிச்சது நாலு கெடக்கு."

பைரப்பனும் அவன் தம்பியும் தத்தம் பெட்டிகளை இறக்கினர். இறுதியில், குழுத்தலைவர் கோவிந்தப்பாவின் மூன்று பெட்டிகள் மட்டுமே லாரியில் எஞ்சின.

"என்னுது சுத்தம். நீ வண்டிய எடுப்பா," என்றார் அவர், எவர் முகத்தையும் பாராமல்.

"மூணு பெட்டி டீசலுக்கே பத்தாதே!" என்று ஓட்டுநர் சிரித்தார்.

மாதம்மாள் சிரிக்கவில்லை. அந்த மூன்று பெட்டிகளில் ஒன்றிலிருந்து நன்கு பழுத்த பழத்தை எடுத்துக் கோவிந்தப்பாவிடம் நீட்டினாள்.

"கழுவாம கடிங்க, மாமா."

அவர் அதை வாங்கிக்கொண்டார்; கடிக்கவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.